பிரதமரின் முதுகில் நண்டு

"நாளைக்கு எனக்குக் கலியாணம். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள ஒரு நாட்டின்ர கொடி கிடைக்காட்டி, கலியாணம் இல்லை."

நிரூபா இப்படிச் சொன்னதும், கௌஷிக் கடித்த தட்டை வடை பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிட்டது. பொய்க் கையெழுத்து, ஓடிப்போன மாப்பிள்ளை, இல்லாத கழுத்து வலி என்று எத்தனையோ கேஸ் அந்த அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. நாடு வந்தது இதுதான் முதல் தடவை.

"எந்த நாட்டுக் கொடி பிள்ளை?" என்று அருள்நாயகி அமைதியாகக் கேட்டார்.

"நண்டுத்தீவுக் குடியரசு."

"அது எங்கங்க இருக்கு? ஆப்பிரிக்கா பக்கமா?" என்றான் கௌஷிக்.

"ஒன்ராறியோவிலதான். வடக்கால, ஒரு ஏரிக்குள்ள."

அருள்நாயகி சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பல வருஷம் பொய்க் காயக்காரர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்காபரோவில் ஒரு சேலைக் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்த மனுஷி அவர். எதற்கும் லேசில் சிரிக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துச் சிரிப்பதற்குத்தான் கௌஷிக் இருந்தான். மயிலாப்பூர்க்காரன். கம்ப்யூட்டர் வேலைக்கென்று டொரொண்டோ வந்து இறங்க, வேலை தந்த கம்பெனி இழுத்து மூடிக்கொண்டது. யாழ்ப்பாணத் தமிழில் பாதிதான் அவனுக்குப் புரியும். மீதியைத் தைரியத்தால் சமாளித்துக்கொண்டிருந்தான்.

நிரூபா சொன்ன கதை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு நண்பர்கள் சேர்ந்து ஏரிக்குள் ஒரு பாறையை வாங்கினார்கள். மூன்று பைன் மரம், கணக்கில்லாத நுளம்புக் கடி, வேறொன்றும் அதில் கிடையாது. கோடையில் போயிருந்து மீன் பிடிக்கத்தான் வாங்கினது. முதல் நாளே பியர் இரண்டாம் சுற்று ஓடும்போது யாரோ ஒருவர், "நாட்டை விட்டுட்டு வந்த எங்களுக்கு ஒரு நாடு கிடைச்சிட்டுது" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். பொழுது படுவதற்குள் சுதந்திரப் பிரகடனம் முடிந்துவிட்டது. மந்திரிப் பதவி பிடிக்காமல் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போக, மிஞ்சியவர்கள் ஜனாதிபதி செல்வரட்ணமும் பிரதமர் சண்முகலிங்கமும். தீவில் கழிப்பறை கிடையாது என்பதால் குடிமக்களும் கிடையாது. ஆட்சி முழுக்க ஸ்காபரோவிலிருந்துதான்.

கனடா அரசாங்கத்துக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது. யார் போய்த் தெரிவிப்பது என்பதிலேயே இரண்டு பேருக்கும் தகராறு. தீவுக்குப் போகிற படகில் முன்னுக்கு யார் இருப்பது என்று ஒருதரம் சண்டை வந்தது. கடைசியில் இரண்டு பேருமே முன்னுக்கு ஏறி இருக்க, படகு தண்ணீருக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு போனது.

"ஜனாதிபதி என்ர மாமா. பிரதமர் என்ர அப்பா" என்றாள் நிரூபா. "நானும் மாமாவின்ர மகன் பிரியந்தனும் மூண்டு வருஷமா லவ் பண்ணுறம். ஒரு மாதிரி ரெண்டு பேரையும் சம்மதிக்க வைச்சம். இண்டைக்குச் சுதந்திர தினம், ஏத்துற கொடியைக் காணேல்லை. மாமா அப்பாவைக் கள்ளன் எண்டுறார். அப்பா மாமாவைக் கள்ளன் எண்டுறார். கள்ளனோட சம்பந்தம் வேண்டாமாம். அக்கா, நான் மருதாணி போட்ட கையோட வந்து நிக்கிறன்."

அவள் கையை விரித்துக் காட்டினாள். சிவந்துபோயிருந்தது. கௌஷிக்குக்கூட அப்போது பகிடி வரவில்லை.

"எழும்பும் தம்பி. முதல்ல ஜனாதிபதியைப் பாப்பம்" என்றார் அருள்நாயகி.

ஜனாதிபதி மாளிகை மோர்னிங்சைட்டில், செல்வரட்ணத்தின் வீட்டு பேஸ்மென்றில் இருந்தது. ஒரு பாதி மாளிகை, மறு பாதியில் உடுப்புத் தோய்க்கிற மெஷின். செல்வரட்ணம் ஊரில் ஸ்ரேஷன் மாஸ்ரர். அவர் பச்சைக் கொடி காட்டாமல் ஒரு ரயிலும் அசைந்ததில்லை. இங்கே ஒரு கட்டிடத்தில் செக்கியூரிற்றி வேலை. அவரைக் கேட்காமலே எல்லோரும் உள்ளே போய் வருகிறார்கள். அந்த எரிச்சல் முழுவதையும் அவர் நாட்டு நிர்வாகத்தில் காட்டிக்கொண்டிருந்தார்.

"கள்ளன் சண்முகலிங்கம்தான். கேஸ் முடிஞ்சுது. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

"இவ்வளவு ஃபாஸ்ட்டா கேஸ் முடிஞ்சா எங்க பொழப்பு என்ன சார் ஆகுறது?" என்றபடி கௌஷிக், துணி போர்த்தியிருந்த பழைய எக்சர்சைஸ் சைக்கிள் ஒன்றின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"கொடியை எங்க வைச்சிருந்தனீங்கள் அண்ணை?" என்று கேட்டார் அருள்நாயகி.

செல்வரட்ணம் அலுமாரி லாச்சியை இழுத்தார். உள்ளே கண்ணாடிக் கவர்களில் மடித்த பொன்னாடைகள் வரிசையாகக் கிடந்தன. ஸ்காபரோவில் பொன்னாடையைக் கடையில் வாங்கியவர்கள் குறைவு, போர்த்திக்கொண்டவர்கள்தான் அதிகம். ஒரு விழாவில் தோளில் விழுந்தது லாச்சிக்குள் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கும். அடுத்த விழாவில் இன்னொருவர் தோளில் போய் விழும். இப்படியே ஊரைச் சுற்றும். பிறந்த இடம் எது என்று அதற்கே மறந்திருக்கும்.

"பட்டு மங்கிப்போகும் எண்டு கொடியையும் ஒரு பொன்னாடைக் கவருக்குள்ளதான் வைச்சனான். அரக்குப் பட்டு, சரிகைக் கரை, நடுவில நண்டு. நேற்றுத் திறந்து பாத்தா உள்ளுக்குச் சாதாரண பொன்னாடை கிடக்குது!"

"நண்டு எதுக்கு சார்?" என்றான் கௌஷிக்.

"நான் பனை எண்டன். அவர் மீன் எண்டார். ரெண்டு பேருக்கும் கறி வைச்சுச் சாப்பிடப் பிடிச்சது நண்டு ஒண்டுதான்."

"யாராவது குளிருக்குப் போர்த்திக்க எடுத்துட்டுப் போயிருப்பாங்களோ?"

செல்வரட்ணம் காதைப் பொத்திக்கொண்டார். "சீ! என்ன கதை கதைக்கிறீர்? எங்கட சட்டப்படி, கொடியைப் போத்துறது நாட்டுக்காக உயிர் விட்ட ஆளுக்கு மட்டும்தான். கொடி மேல விழுந்தா அந்தாள் செத்த ஆள், அதில மாற்றுக் கதை இல்லை. முதல் சாகிறவருக்குத் தீவில சிலையும் வைக்க வேணும். நானும் அவரும் சண்டை பிடிக்காமல் நிறைவேற்றின சட்டம் அது ஒண்டுதான்."

"அதுக்கு மட்டும் ஏன் சார் சண்டை வரல?"

"அவர்தான் முதல் போவார் எண்டு நான் நினைச்சன்" என்றார் செல்வரட்ணம், ஒளிவு மறைவில்லாமல்.

அருள்நாயகி லாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, கள்ளன் எண்டால் கொடியை எடுத்துக்கொண்டு போவான். அதுக்குப் பதிலாப் பொன்னாடையை மடிச்சு வைச்சிட்டுப் போக மாட்டான். ஒண்டும் வைக்காமலே இந்த லாச்சிக்குள்ள ஒரு பொன்னாடை மிஞ்சுது எண்டால், போக வேண்டிய பொன்னாடை போகாமல் கொடி போயிருக்கு. போன வருஷம் கொடி ஏத்தினதுக்குப் பிறகு முதல் முதல் ஆருக்குப் பொன்னாடை போத்தினனீங்கள்?"

வேறு யாரிடமாவது இப்படிக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். பொன்னாடை விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு ஞாபகம் பிசகவே பிசகாது. செல்வரட்ணத்தின் முகம் வேப்பெண்ணெய் குடித்தது மாதிரிப் போனது.

"அந்தாளுக்குத்தான். அடுத்த நாள் ஒரு அரங்கேற்றம். சண்முகலிங்கம் சிறப்பு விருந்தினர். என்னைக் கூப்பிட்டுப் போத்தச் சொல்லிட்டினம், மறுக்கேலாமல் போச்சு. அந்தாளுக்கு எதைப் போத்தினால் என்ன எண்டு, கைக்கு வந்த கவரை இழுத்துக்கொண்டு போனன். கமராவைப் பாத்துச் சிரிச்சன், போத்தினன், இறங்கினன். அவரின்ர முகத்தைக்கூடப் பாக்கேல்லை."

கௌஷிக் வாயைத் திறந்தான். அருள்நாயகி அவன் காலை ஒரு மிதி மிதித்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

ரூஜ் பகுதியில் சண்முகலிங்கத்தின் வீடு கல்யாண வீடாகவும் இல்லை, இழவு வீடாகவும் இல்லை. வாசலில் வாழைமரம் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், கட்டவந்தவர்கள் அதைச் சுவரில் சாத்திவிட்டு ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பிரதமர் ஊரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபர். அவர் நடந்து வந்தால் வராந்தாவே மூச்சுப் பிடிக்கும் என்பார்கள். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் தலைக்கு வலை போட்டுக்கொண்டு வேலை.

"என்னைக் கள்ளன் எண்டவரோ? அவர் ஸ்ரேஷன் மாஸ்ரர். வாற ரயிலை அனுப்பி வைக்கிறதைத் தவிர என்ன தெரியும் அவருக்கு?" என்று அவர் தொடங்கினார்.

"அங்கிள், உங்கட விழா வீடியோக்களை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று இடைமறித்தார் அருள்நாயகி.

பிரதமரின் கோபம் பொசுக்கென்று இறங்கியது. இப்படி ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. விருந்தினர் வந்தால் அவரே வலுக்கட்டாயமாகப் போட்டுக் காட்டுவதுதான் வழக்கம். சுவர் நிறைய வீடியோ கசெற்றுகள், எல்லாம் அவர் மேடையேறிய விழாக்கள். கேட்ட கசெற்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, வாழைமரக்காரர்களைச் சத்தம் போட வெளியே போனார்.

கௌஷிக் ஓட்டிப் பார்த்தான். மேடை. நடனப் பிள்ளை. பேச்சு. இன்னொரு பேச்சு. முதல் பேச்சுக்கு நன்றி சொல்லி மூன்றாவது பேச்சு. கடைசியில் செல்வரட்ணம் கமராவைப் பார்த்துச் சிரித்தபடி ஒரு அரக்குத் துணியைச் சண்முகலிங்கத்தின் தோளில் போர்த்தினார். போர்த்தப்பட்டவரும் கமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சபைக்குத் தெரிந்தது சரிகைக் கரை மட்டும். பிறகு அவர் கதிரைக்குத் திரும்பினார். கமராக்காரன் மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு கோணம் எடுத்திருந்தான். தன் முகம் தெரியாத இடங்களைப் பிரதமர் எப்போதும் ஓட்டிவிடுவார் போல.

பிரதமரின் முதுகில், இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு, தங்க நூலில் ஒரு நண்டு நின்றது.

"ஐயையோ மேடம்! பிரதமர் சாரைப் போன வருஷமே போட்டுத் தள்ளிட்டாங்க!"

"சத்தம் போடாதேயும்!"

சண்முகலிங்கம் உள்ளே வந்ததும் அருள்நாயகி ரீவியை நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் கேட்டார். "அங்கிள், இந்த அரங்கேற்றத்தில செல்வரட்ணம் அண்ணை போத்தின பொன்னாடை என்ன ஆச்சு?"

"அவர் தந்ததை நான் வீட்டுக்குள்ள கொண்டு வருவனோ? சுருட்டிப் பைக்குள்ள அடைச்சு கார் டிக்கிக்குள்ள எறிஞ்சன். அடுத்த கிழமையே மூத்தோர் சங்கத்தில அவருக்குப் பாராட்டு. என்னைப் போத்தச் சொன்னவை. அவர் தந்ததை அவருக்கே போத்தி விட்டன்! விளங்கினவருக்கு விளங்கியிருக்கும்."

"போத்தேக்க விரிச்சுப் பாக்கேல்லையோ?"

"அவர் தந்ததை நான் ஏன் பாக்கோணும்?"

மூத்தோர் சங்கக் கசெற்றும் சுவரில் இருந்தது. அவர் திரும்ப வெளியே போனதும் போட்டுப் பார்த்தார்கள். அதில் மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். பிரதமர் ஒரு கசங்கிய துணியை ஜனாதிபதியின் தோளில் எறியாத குறையாகப் போட, கண்ணாடியில் ஜனாதிபதியின் முதுகு தெரிந்தது. நண்டும் தெரிந்தது. அருள்நாயகி இரண்டு கசெற்றையும் இரவல் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் கௌஷிக் விழுந்து விழுந்து சிரித்தான். மோர்னிங்சைட் திருப்பத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"மேடம், இதைச் சொன்னா கல்யாணம் நடக்கவே நடக்காது. இவரு அவரைச் சாகடிச்சிருக்காரு, அவரு இவரைச் சாகடிச்சிருக்காரு. கள்ளன்னு சொன்னதுக்கே இந்தப் பாடு. கொலைகாரன்னு தெரிஞ்சா?"

"அதுதான் யோசிக்கிறன். கொடியை மட்டும் குடுத்திட்டு வாயை மூடிக்கொண்டு வருவம்."

வாசலைத் திறந்தது செல்வரட்ணத்தின் மனைவி இராஜேஸ்வரி. கையெல்லாம் உளுந்து மா.

"போன வருஷம் மூத்தோர் சங்கத்தில அண்ணைக்குப் போத்தின துணி எங்க அக்கா?" என்றார் அருள்நாயகி.

"சண்முகலிங்கத்தார் போத்தினதோ? அது இந்த வீட்டு அலுமாரிக்குள்ள வரப்படாது எண்டு இந்த மனுசன் பையோட தூக்கி எறிஞ்சார். நல்ல பட்டு, வீணாப் போகுதே எண்டு நான் எடுத்துக் கீழ சைக்கிளுக்குப் போத்தி விட்டன். நண்டுப் படம் போட்டது. படம் அழுக்குப் படாமல் உள்பக்கமா."

கௌஷிக் தன் முழங்கையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு தேசத்தின் மேல் ஊன்றிய முழங்கை.

"அக்கா, அதுதான் நாட்டுக் கொடி!"

"எனக்கு ஆர் காட்டினது?" என்றார் இராஜேஸ்வரி நிதானமாக. "அவை கொடி ஏத்தேக்க நான் குசினியில வடை சுட்டுக்கொண்டு நிண்டனான். ஏன், என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

பின்னேரம் சுதந்திர தின விழாவுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. மேடையில் சரிசமமாக இரண்டு சிம்மாசனம். அருள்நாயகி கொடியை நீட்டினார். கைதட்டல் விழுந்தது. நிரூபாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ரத்தம் ஓடியது. பக்கத்தில் பிரியந்தன் நின்றான். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

"கள்ளன் ஆர்?" என்றார் ஜனாதிபதி மைக்கில்.

"கிடைச்சிட்டுது அண்ணை, ஏத்துங்கோ."

"கள்ளன் ஆர் எண்டு தெரியாமல் ஏத்தேலாது."

"கள்ளன் வீட்டுக்கு நான் பெம்பிளை குடுக்கவும் மாட்டன்" என்றார் பிரதமர், மற்ற மைக்கில்.

நிரூபா அருள்நாயகியைப் பார்த்தாள். அருள்நாயகி பெருமூச்சு விட்டார். "ரீவியைத் தள்ளிக்கொண்டு வாரும் தம்பி. நடக்கிறது நடக்கட்டும்."

மண்டபம் முழுக்கப் பார்த்தது. முதலில் பிரதமரின் முதுகில் நண்டு. பிறகு ஜனாதிபதியின் முதுகில் அதே நண்டு. சட்டம் அங்கே எல்லோருக்கும் பாடம். வெடிக்கப் போகிறது என்று கௌஷிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

பிரதமர் மெல்லக் கேட்டார். "அரங்கேற்றம்தானே முதல் நடந்தது?"

"ஓம் அங்கிள். மூத்தோர் விழா அடுத்த கிழமை."

சண்முகலிங்கத்தின் முகம் பூரித்துப் போனது. "அப்ப நான்தான் முதல் செத்தனான்! சிலை எனக்கு!"

கௌஷிக் ஒரு கண்ணைத் திறந்தான்.

"என்ன விசர்க் கதை?" என்று ஜனாதிபதி பாய்ந்து எழும்பினார். "உமக்கு நான் தவறுதலாப் போத்தினது. தவறுதலாச் செத்தவருக்கு ஆர் சிலை வைக்கிறது? எனக்கு நீர் வேணுமெண்டே, வன்மத்தோட போத்தினீர். அது கொலை! நான் தியாகி! சிலை எனக்குத்தான்!"

"முதல் சாகிறவருக்கு எண்டுதான் சட்டம். எப்பிடிச் சாகிறவர் எண்டு இல்லை!"

"ஒரு கிழமை முந்திச் செத்த உடன பெரிய ஆளோ நீர்?"

இராஜேஸ்வரி கீழிருந்து கத்தினார். "செத்த வீடெண்டால் நாளைக்கு எப்பிடியப்பா கலியாணம்?" ஒருவர் காதிலும் அது விழவில்லை. சபை இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் சண்முகலிங்கம் செத்தார் என்று கைதூக்கினார்கள், மீதிப்பேர் செல்வரட்ணம் செத்தார் என்று கைதூக்கினார்கள். இறந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே மைக்கைப் பிடித்து இழுத்தார்கள்.

நிரூபா படியேறி மேடைக்கு வந்தாள்.

"அப்பா."

"பொறு பிள்ளை. அப்பா செத்தது முதல் முடிவாகட்டும்."

"முடிவாகட்டும் அப்பா. நீங்கள் செத்திட்டியள் எண்டால் நாளைக்கு அம்மா பொட்டில்லாமல் ஒரு மூலையில நிக்கோணும். என்னை ஆர் தாரை வாத்துக் குடுக்கிறது?" அவள் குரல் உடைந்தது. "சிலையோ வந்து என்ர கையைப் பிடிச்சுக் குடுக்கும்?"

சண்முகலிங்கம் மைக்கை விட்டுவிட்டார். மகளின் சிவந்த கையைப் பார்த்தார். அந்தக் கை பால்பல் விழுந்த வயதில் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விமானத்தில் ஏறிய கை. ஒன்றிரண்டு தரம் கனைத்துப் பார்த்தார்.

"அவரே முதல் செத்ததா இருக்கட்டும்" என்றார். "சிலையை அவருக்கே வையுங்கோ. நான் சாகேல்லை. எனக்கு நாளைக்கு வேலை இருக்கு."

நண்டுத்தீவின் சரித்திரத்தில் ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான். ஜனாதிபதி வெற்றியோடு இரண்டு கையையும் தூக்கினார். தூக்கிய கை மேலேயே நின்றது. கீழே மகன் பிரியந்தன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இராஜேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மண்டபத்தில் செத்தவர் இப்போது ஜனாதிபதி ஒருவர்தான்.

செல்வரட்ணம் கையை இறக்கினார். மைக்கை ஒரு பக்கம் வைத்தார்.

"சண்முகம், உது நியாயமில்லை" என்றார் தாழ்ந்த குரலில். "என்னை மட்டும் தனியச் சாகடிச்சுப்போட்டு, நீர் நாளைக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சபையில நிக்கப் போறீரோ?"

சண்முகலிங்கம் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீரும் வாரும்" என்றார். "எனக்குச் சம்பந்தி வேணும்."